மார்த்தாள் வேதத்தில் இல்லாத கதை

ரெண்டு புருஷனை முழுங்கினவளாம்னு மார்த்தாளைச் சொன்னாங்களே, அவங்க வாயில மண்ணு விழ. நான் இசபெல்லா. தங்கச் சுரங்கத்துல கோரமண்டல் பக்கம் கூலி லைன்ல அவளுக்கு அடுத்த வூடு. நடுவுல ஒரு மூங்கில் தட்டிதான். அவ இருமினா நான் எழுந்துக்குவேன், நான் என் புருஷனைத் திட்டினா அவ அந்தப் பக்கம் சிரிப்பா. அவளைப் பத்திப் பேச எனக்கு இல்லாத பாத்தியதை வேற யாருக்கு இருக்குது?

குடியாத்தம் பக்கத்துப் பொண்ணு. சின்னசாமின்னு ஒருத்தனைக் கட்டிகினு, சுரங்கத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு மேஸ்திரி பின்னாடி வந்தவங்க. வந்த கோடையிலயே லைன்ல வாந்திபேதி. காலையில வேலைக்குப் போன சின்னசாமியைப் பொழுது சாயறதுக்குள்ள தூக்கிகினு போனாங்க. எங்க வரிசையில அந்த வாரம் அழுகைச் சத்தம் கேக்காத வூடே இல்ல. அதுல ஒண்ணு அவ வூடு, அவ்ளோதான். அப்பால அவங்க சபை ஆளு ராஜப்பா அவளைக் கட்டிகினான். நல்ல மனுஷன். அவன் கீழ கல்லு சரிஞ்சு செத்தான். அவனோட இன்னும் ரெண்டு பேரு செத்தாங்க. அந்த ரெண்டு பேரோட பொண்டாட்டிங்களைப் பாத்து ஐயோ பாவம்னு கஞ்சி கொண்டாந்து கொடுத்தாங்க. மார்த்தாளைப் பாத்து மட்டும், "ரெண்டாவதும் பூட்டுதா? ராசி கெட்டவ"ன்னாங்க. ஊர் வாயை மூட உலை மூடி கிடைக்குமா?

அதுலேர்ந்து அவளுக்கு உக்கார முடியல. நெஜமாத்தான் சொல்றேன், உக்கார முடியல. பகல்ல மேல கல்லு பொறுக்குற வேலை. வூட்டுக்கு வந்தா பெருக்கின இடத்தையே பெருக்குவா. கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவா. தங்கக் கல்லு இடிக்கிற மில்லுச் சத்தம் நமக்குப் பழகிப் போச்சு, அது நின்னாத்தான் தூக்கம் கெடும். அவளுக்கு அது நெஞ்சுக்குள்ளயே இடிக்குதாம். வேலை முடிஞ்ச சங்கு ஊதினா போதும், செய்யறதைப் போட்டுட்டு வாசல்ல வந்து நிப்பா. "கீழ உனக்கு யாருமே இல்லியே, யாருக்காகமே நிக்கிற?"ன்னு கேட்டா, "தெரியல அக்கா, காலு நிக்க மாட்டேங்குது"ம்பா.

நாங்க கத்தோலிக்கம், பூசைக்குப் போறவங்க. அவ பிராட்டஸ்டண்டு, ஆராதனைக்குப் போறவ. நாங்க செபம்னு சொல்வோம், அவங்க ஜெபம்பாங்க. நாங்க சம்மனசுன்னா அவங்க தேவதூதன்பாங்க. இந்த வித்தியாசத்துக்காக ரெண்டு கோயில் ஆளுங்களும் சந்தையில பாத்தா மூஞ்சைத் திருப்பிகினு போவாங்க. நானும் அவளும் அப்படி இல்ல. ஒரே கொட்டாய்ல கஞ்சி காய்ச்சறவங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாவுமா?

இப்ப ஏசுபாதத்தைப் பத்திச் சொல்லணும். பாறையில துளை போடற வேலை அவனுக்கு. தோளு ரெண்டும் கதவு மாதிரி, ஆனா மூஞ்சைப் பாத்தா பச்சைப் புள்ள. அவன் ஞானஸ்நானம் வாங்கினவன், அவனைப் பெத்தவ பார்வதம்மா வாங்காதவ. மாரியம்மனுக்குக் கூழு ஊத்தறதை அவ வுடவேயில்ல. மகன் சபைக்குப் போனதையே அவ பாதி மனசோடதான் பொறுத்துகினா. அவன் தண்ணித் தொட்டிகிட்ட போயும் போயும் மார்த்தாளோட குடத்தைத் தூக்கி வெச்சான். அதை நாலு பேரு பாத்தாங்க. நாலு பேரு பாத்தது பார்வதம்மா காதுக்குப் போவ எத்தினி நேரம் ஆவும்?

மறுநாள் தொட்டிகிட்ட வந்து நின்னா பாரு பார்வதம்மா, முந்தானையை இடுப்புல சொருவிகினு! "உன் குடத்தை அந்தாண்ட வையிடீ. ரெண்டு ஆம்பளையைத் தின்னது போதாம எம் புள்ளையையும் பாக்கறியா? உன் மேல பட்ட காத்து பட்டாலே ஆம்பள தங்க மாட்டான். உனக்கு ஒரு புழு பூச்சி பொறக்காமலே போவ!"

சுத்தி அத்தினி பொம்பளைங்க. அவங்கவங்க குடத்தை இழுத்துகினாங்க. நான் அப்பதான் குடத்தோட வரேன். மார்த்தாள் குடத்தை வெச்சா, திரும்பி நடந்தா. வூட்டுப் பக்கம் இல்ல, மேட்டுப் பக்கம். அங்க இன்னா இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே யாரோ தோண்டிப் போட்ட பழைய குழி. கல்லைப் போட்டா சத்தம் வராது.

ஓடினேன். என் வாழ்நாள்ல அப்படி ஓடினதில்ல. குழிக்குக் கொஞ்சம் இப்பால அவ முடியைப் பிடிச்சு இழுத்தேன். பிடிச்ச கையை வுடாம கல்லுக் குவியல் மேல உக்கார வெச்சேன். அவ அழுவல, அதான் எனக்குப் பயம். கண்ணு ரெண்டும் எங்கியோ பாக்குது. காலு மட்டும் ஆடிகினே இருக்குது.

"நான் தின்னுட்டேனா அக்கா?"ன்னா.

எனக்கு அப்ப தேவமாதா புண்ணியத்துல அந்தக் கதை ஞாபகம் வந்தது. எங்க கோயில்ல சாமியார் பிரசங்கத்துல சொன்னது, தொபியாஸ் ஆகமத்துல இருக்கற கதை.

"கம்முனு கேளு"ன்னேன். "ஒரு ஊர்ல சாராள்னு ஒரு பொண்ணு. உனக்கு ரெண்டு, அவளுக்கு ஏழு. ஆமா, ஏழு புருஷன்! ஏழு பேரும் கல்யாண ராத்திரியே செத்தாங்க. அவ வூட்டு வேலைக்காரி ஒருத்தி, நம்ப பார்வதம்மா மாதிரியே ஒரு கழுதை, 'உன் புருஷனுங்களைக் கொன்னவளே, என்னையும் கொல்லப் பாக்கறியா? உனக்கு ஒரு புள்ள பொறக்கறதை நாங்க பாக்கவே வேணாம்'னு பேசினா. அவ இன்னா பண்ணா தெரியுமா? மாடிக்குப் போயி, சோறு தண்ணி இல்லாம அழுது அழுது செபம் பண்ணா. சர்வேசுரன் கேட்டாரு. சம்மனசை அனுப்பினாரு. அப்பதான் எல்லாருக்கும் தெரிஞ்சது, அந்த ஏழு பேரையும் கொன்னது ஒரு பேயி. அவ இல்ல."

"அவ இல்லியா?"

"அவ இல்ல."

"அவ மேல தப்பு இல்லேன்னு எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குது."

"எதுல?"

"வேதத்துலதான், வேற எதுல?"

அப்ப அழுதா. ரெண்டு வருஷத்து அழுகை. நானும் கூட அழுதேன், இன்னா செய்யறது? அப்பால தினம் அந்தக் கதையைக் கேப்பா. மாவு அரைக்கும்போது கேப்பா, விறகு பொறுக்கும்போது கேப்பா. எட்டாவது புருஷன் தொபியாஸ் வர்ற இடத்துக்குப் போனா அவளுக்கு அவ்வளவு ருசி இல்ல. "அந்த வேலைக்காரி பேசினது, அப்பால இவ அழுதது, அதைச் சொல்லு"ம்பா. சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சது.

ஏசுபாதம் ஒருநாள் என்கிட்ட வந்து நின்னான். தலையைச் சொறிஞ்சான். "அக்கா, அதைக் கேட்டுச் சொல்லுங்களேன்"னான்.

"எதைடா?"

"அதான் அக்கா, அதை."

கேட்டேன். மாட்டேன்னுட்டா. பிடிக்காம இல்ல. சங்கு ஊதி அவன் மேல வர்றப்ப அவ மூஞ்சு எப்படி ஆவும்னு எனக்குத் தெரியாதா? "செத்துப் பூடுவான் அக்கா. எனக்கு அவன் உசிரோட எதிர் வரிசையில இருந்தா போதும்"னா. இதை நான் அவன்கிட்டச் சொன்னேன், கதையையும் சொன்னேன். ஏழு பேரு செத்ததைக் கேட்டு அவன் மிரளுவான்னு பாத்தா, பொண்ணோட அப்பன் எட்டாவது மாப்பிள்ளைக்கும் முன்னாடியே குழி வெட்டி வெச்சான்ற இடத்துல வுழுந்து வுழுந்து சிரிக்கறான். "நம்ப ஊர்ல குழிக்கா பஞ்சம்? நான் தினம் கும்பலோட அதுக்குள்ளதானே போறேன்"னான். அதை அவ தட்டிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுகினு இருந்தா. ஒரு வாரம் கழிச்சுச் சரின்னா.

அவங்க சபையில உபதேசியார் ஜெயகரன். ஒல்லியா, வெள்ளைச் சட்டை, குடை. வெயில் இல்லாதப்பவும் குடை. லைன்ல யாருக்குக் காய்ச்சல்னாலும் மொதல்ல வர்ற காலு அவருதுதான், அதை நான் மறுக்க மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும். இன்னார் இன்னாரைக் கட்டப் போறாங்க, தடை இருந்தா சொல்லுங்கன்னு. ரெண்டு கோயில்லயும் அந்த வழக்கம் உண்டு. மொதல் ஓலை வாசிச்சாச்சு. ரெண்டாவதும் ஆச்சு. வாசிக்க வாசிக்க மார்த்தாளுக்குத் தூக்கம் இல்ல. சோறு எறங்கல. ஏசுபாதம் கீழ எறங்கினா, அவன் மேல வர்றவரைக்கும் லைன் சுத்தி நடக்கறா, நடக்கறா. "நிறுத்திடலாம் அக்கா. இப்ப நிறுத்தினா அவன் பொழைப்பான்"றா.

எனக்குப் பொறுக்கல. கதையில சம்மனசு இன்னா சொல்லுச்சு? மீனோட ஈரலை நெருப்புல போட்டுப் புகை போட்டா பேயி ஓடிப் பூடும். தொபியாஸ் கல்யாண ராத்திரிதான் போட்டான். நாம எதுக்கு அதுவரைக்கும் காத்திருக்கணும்? மூணாவது ஓலைக்கு முன்னாடியே பேயை வெரட்டிட்டா இவளும் நிம்மதியா உக்காருவா இல்ல? ஏசுபாதத்தைக் கூப்பிட்டு, "பேத்தமங்கலம் ஏரிக்குப் போயி ஒரு மீனு கொண்டா"ன்னேன்.

போனான் புண்ணியவான். ஓய்வு நாள்ல அத்தினி தூரம் நடந்து ஒரு கெளுத்தியை ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்தான். வரும்போதே பாதி கெட்டுப் போச்சு. ஈரலைத் தேடி எடுத்தா மொச்சைக்கொட்டை அத்தினிதான் இருக்குது. பட்டப்பகல்ல, மார்த்தாள் வூட்டுல, தணல்ல சாம்பிராணியைப் போட்டு அது மேல ஈரலை வெச்சேன். ஐயையோ, அந்த நாத்தத்தை எப்படிச் சொல்றது! பேயி போச்சோ இல்லியோ, நாங்க மூணு பேரும் கண்ணுல தண்ணியோட வெளியே ஓடியாந்தோம். ஏசுபாதம் இருமிகினே, "அக்கா, எட்டாவது புருஷன் இதுலதான் சாவணும்போல"ன்றான். மார்த்தாள் சிரிச்சா. ராஜப்பா போனதுக்கு அப்பால அவ வாய் வுட்டுச் சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள பார்வதம்மா வந்துட்டா. மூக்கைப் பொத்திகினு எட்டிப் பாத்தா. தணல், புகை, மீன் தலை. அவ்ளோதான். "எம் புள்ளைக்கு மருந்து வெக்கறாங்கடோய்! சூனியம் வெக்கறாங்கடோய்!"னு லைன் முழுக்கக் கத்திகினு நேரா உபதேசியார் வூட்டுக்குத்தான் போனா. மாரியம்மனைக் கும்பிடறவ, சூனியம்னதும் யார்கிட்டப் போறா பாரு!

அந்த ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலையை வாசிக்கல. ஜெயகரன் மத்ததெல்லாம் வாசிச்சாரு, ஜெபம் பண்ணாரு, முடிச்சாரு. மார்த்தாள் கோயில்லேர்ந்து வந்த கோலத்தைப் பாத்ததும் எனக்கு அந்தப் பழைய குழிதான் கண்ணு முன்னாடி வந்தது. கையைப் பிடிச்சு இழுத்துகினு உபதேசியார் வூட்டுக்கே போனேன். வழியெல்லாம் எனக்குக் கோவம் பொங்குது.

அவரு உக்காரச் சொன்னாரு. நாங்க உக்காரல. "மீனைச் சுட்டது யாரு?"ன்னாரு.

"நான்தான்"னேன். "வேதத்துல இருக்கறதைத்தான் செஞ்சேன்."

"எந்த வேதத்துல அம்மா?"

"ஐயா, நீங்களே காட்டுங்க. ஏழு புருஷன் செத்த சாராளோட கதை"ன்னா மார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் பக்கத்தை ஒரு தடவை கையால தொட்டுப் பாக்கணும்னு அவளுக்கு ஆசை. ஜெயகரன் அந்தப் பெரிய புஸ்தகத்தைத் தொறந்தாரு. தேடற மாதிரி பாசாங்கு பண்ணல. ஒரு எடத்துல பிரிச்சு அவகிட்டக் காட்டினாரு. "இதோ, பழைய ஏற்பாடு இங்க முடியுது. இதோ, புதிய ஏற்பாடு இங்க ஆரம்பிக்குது. நீ கேக்கற கதை நம்ம வேதாகமத்தில் இல்லை, மார்த்தாள்."

அவ அந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வெரலை வெச்சா. ஒண்ணும் இல்லாத எடத்துல வெரலை வெச்சுகினு நின்னா.

"கிழிச்சுட்டீங்களா?"ன்னு நான் கத்தினேன். "உங்க ஆளுங்க கிழிச்சுட்டாங்க. எங்க வேதத்துல இருக்குது, உங்களுதுல இல்லேன்னா இன்னா அர்த்தம்?"

"கிழிக்கவில்லை அம்மா, கோபப்படாதீங்க. அது யூதருடைய எபிரெய வேதத்தில் சேரவில்லை. அதனால் எங்கள் பெரியவர்கள் அதை வேறாக வைத்தார்கள். நல்ல நடத்தை கற்றுக்கொள்ள வாசிக்கலாம், அதை வைத்து உபதேசம் கட்டக் கூடாது என்றார்கள். முன்னே சீமையில் அச்சடித்த புஸ்தகங்களில் இந்த இரண்டு ஏற்பாட்டுக்கும் நடுவே தனியாகப் போட்டிருந்தார்கள். பிறகு அதில் சச்சரவு வந்து அச்சில் விட்டுவிட்டார்கள்."

"இங்கியா இருந்துச்சு?"ன்னா மார்த்தாள். வெரலை இன்னும் எடுக்கல.

"அங்கேதான்."

"அப்ப அது பொய்யா ஐயா?"

மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவரு, அதுதான் அவருக்குக் கஷ்டம். "பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். வேதம் என்றும் சொல்ல மாட்டேன். இந்த லைனில் வேப்பிலையும் தாயத்தும் இல்லாமல் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இறங்காது என்கிறார்கள். எத்தனை வருஷமாக நான் அதோடு மல்லுக்கட்டுகிறேன்! நீங்கள் மீனைச் சுட்டு வேதம் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?"

அதுவும் நியாயம்தான். ஆனா மார்த்தாள் வுடல. "ஐயா, நான் உபதேசம் கட்டவா கேக்கறேன்? குடித்தனம் கட்டக் கேக்கறேன். ரெண்டு பேரு செத்தா அவ மேல தப்புன்னு ஊரே சொல்லுது. ஏழு பேரு செத்தும் அவ மேல தப்பு இல்லேன்னு ஒரே ஒரு எடத்துலதான் சொல்லியிருக்குது. அந்த எடம்தான் நம்ப வேதத்துல இல்லேங்கறீங்க. மத்ததுல எங்கியாவது என்னை மாதிரி ஒருத்தியைப் பத்தி இருந்தா காட்டுங்க, நான் அதையே பிடிச்சுக்கறேன்."

ஜெயகரன் எதை எதையோ பிரட்டினாரு. எல்லாத்தையும் பறிகொடுத்த யோபுன்னாரு, அஞ்சு புருஷன் கட்டினவகிட்டக் கிணத்தடியில தண்ணி கேட்ட கதைன்னாரு. அவ எல்லாத்தையும் கேட்டா, தலையாட்டினா, "நல்லாத்தான் இருக்குது ஐயா"ன்னா. ஆனா அவ கேட்டது அது இல்லேன்னு அவருக்கே தெரிஞ்சது. கடைசியில புஸ்தகத்தை மூடி, "மீன் வேண்டாம். சபையில் நின்று அதை வேதம் என்று சொல்ல வேண்டாம். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கிறேன்"னாரு.

"சொல்லல ஐயா. ஆனா மறக்க மாட்டேன்."

"மறக்கச் சொல்லவில்லையே"ன்னாரு.

மூணாவது ஓலைக்கு நான் அவங்க கோயில் வாசல்ல போய் நின்னேன். உள்ள போனா எங்க சாமியார் என்னை உயிரோட வுட மாட்டாரு. ஜெயகரன் வாசிச்சு, தடை உண்டான்னு கேட்டதும், எனக்குப் பக்கத்துல நின்னுகினு இருந்த பார்வதம்மா வாசப்படியிலேர்ந்தே, "உண்டு!"ன்னா. "ரெண்டு ஆம்பளையை முழுங்கினவ. இதை வுடப் பெரிய தடை இன்னா வேணும்?"

கோயில் முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. மார்த்தாள் எழுந்துகினா. ஓடப் போறான்னு நெனச்சேன். ஓடல, நின்னா. ஜெயகரன் குரலை ஒசத்தாமச் சொன்னாரு: "உயிரோடு ஒரு புருஷன் இருந்தால் தடை. முறை தப்பியிருந்தால் தடை. செத்துப்போனவர்கள் தடை அல்ல. அவர்களைக் கொன்றது வாந்திபேதியும் பாறையும். வேறு தடை உண்டா?" பார்வதம்மா முணுமுணுத்துகினே போயிட்டா. வாந்திபேதியும் பாறையும்னு அவரு சொன்னப்ப எனக்கு அவர் மேல இருந்த கோவம் பாதி எறங்கிப் போச்சு.

கல்யாணம் ஆச்சு. மொதல் நாள் அவன் கீழ எறங்கினப்ப அவ சங்கு ஊதறவரைக்கும் நின்ன எடத்துல நிக்கல. அவன் மேல வந்தான். மறுநாளும் வந்தான். தினம் வந்தான். தினமும் அவ நடந்தா. நாலஞ்சு வருஷம் அப்படித்தான். பேயி போச்சுன்னு அவளுக்கு நம்பிக்கை வந்ததா இல்லியான்னு எனக்குத் தெரியாது, காலு மட்டும் நிக்கல. ஆனா தண்ணித் தொட்டிக்குத் தலை நிமிர்ந்து போனா. எவளாவது வாயைத் தொறந்தா, "கொன்னது நான் இல்ல, வேற"ன்னு நேருக்கு நேர் சொன்னா. ஒரு பொண்ணு பொறந்தது. சாராள்னு பேரு வெச்சா. ஜெயகரன் ஆபிரகாமோட பொண்டாட்டின்னு நெனச்சு ஞானஸ்நானம் கொடுத்தாரா, தெரிஞ்சே கொடுத்தாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். பார்வதம்மா பேத்தியைப் பாக்க வந்தவ திரும்பிப் போவல, அங்கியே தங்கிட்டா. மருமகளைத் திட்டறதும் நிறுத்தல, அது வேற.

சுரங்கத்துக்குக் கரண்டு வந்த வருஷம். பட்டப்பகல்ல பூமி ஒரு குலுக்கு குலுக்குச்சு. அடுப்பு மேல இருந்த சட்டி கவுந்துச்சு. கீழ கல்லு வெடிச்சுட்டுதுன்னு லைன் மொத்தமும் ஓடுச்சு. கூண்டு மேல வரும், ஆளுங்க எறங்குவாங்க, மறுபடி கீழ போவும். ஏசுபாதம் பொழுது சாயறப்ப வந்தான். நாலு பேரு தூக்கிகினு வந்தாங்க.

நான் வூட்டுக்குள்ள போயி வாசல் தட்டியை மூடிகினேன். எந்த மூஞ்சோட அவ எதிர்ல போய் நிப்பேன்? கதையில எட்டாவது ஆளு பொழைச்சானே! நான்தானே சொன்னேன்? வெளியில பொம்பளைங்க பேசறது காதுல விழுது. "மூணாவது." அவ்ளோதான் சொல்றாளுங்க. அந்த ஒரு வார்த்தை போதாதா? அப்பால அந்தப் பழைய குழி ஞாபகம் வந்தது. ஓடினேன்.

அவ அவன் தலைமாட்டுல உக்காந்துகினு இருந்தா. ஆமா, உக்காந்துகினு இருந்தா. அவன் முடியில இருந்த கல்லுப் பொடியை ஈரத்துணியால தொடைச்சுகினு இருந்தா. நான் அவ காலண்ட வுழுந்து, "நான் சொன்னது பொய்யாப் போச்சேமே! அவன் பொழைப்பான்னு சொன்னேனே"ன்னு அழுதேன்.

"அதுக்காகவா அக்கா நான் அந்தக் கதையைக் கேட்டேன்?"ன்னா. "பொழைக்கறது சாவறது நம்ப கையிலயா இருக்குது? ஏழு பேரு செத்தாங்களே, அதை மறந்துட்டியா?" துணியைப் பிழிஞ்சா, மறுபடி தொடைச்சா. "எனக்கு எட்டாவது ஆளு வேணாம் அக்கா. எனக்கு மாடியில அழுத அந்தப் பொண்ணுதான் வேணும்."

மறுநாள் கல்லறையில ரெண்டு கோயில் ஜனமும் இருந்தது. கூட எத்தினியோ பேருக்கு அன்னிக்கு அடக்கம். ஜெயகரன் குழிகிட்ட நின்னு வாசிக்க வேண்டியதை வாசிச்சாரு. பின்னாடி பொம்பளைங்க கூட்டத்துலேர்ந்து அந்த வார்த்தை மறுபடி வந்தது. இந்தத் தடவை சத்தமாவே வந்தது. "மூணு பேரு." பார்வதம்மா நெஞ்சுல அடிச்சுகினு இருந்தவ, கையை நிறுத்தித் திரும்பிப் பாத்தா. அவ இப்ப இன்னா சொல்வாளோன்னு எல்லாரும் அவ வாயையே பாக்கறாங்க.

மார்த்தாள் புள்ளையை இடுப்புல மாத்திகினா. "ஐயா, அதைச் சொல்லுங்க"ன்னா.

ஜெயகரனுக்குப் புரிஞ்சது. "மார்த்தாள், அது..."ன்னாரு.

"வேதம்னு சொல்ல வேணாம். சும்மா சொல்லுங்க."

அவரு கையில இருந்த வேதாகமத்தை மூடினாரு. கக்கத்துல இடுக்கிகினாரு. அப்பால கூட்டத்தைப் பாத்து, அவரோட கோயில் பாஷையை வுட்டுட்டு, நம்ப பாஷையில ஆரம்பிச்சாரு. "ஒரு ஊர்ல சாராள்னு ஒரு பொண்ணு இருந்தா. அவளுக்கு ஏழு புருஷன். ஏழு பேரும் செத்துட்டாங்க." ஏழுன்னதும் அந்தப் பொம்பளைங்க வாய் மூடிச்சு. வேலைக்காரி பேசினதைச் சொன்னாரு. அவ மாடியில அழுததைச் சொன்னாரு. நான் சொல்லாததெல்லாம் கூடச் சொன்னாரு. எங்கியோ தேடிப் படிச்சு வெச்சிருக்காரு மனுஷன், இத்தினி வருஷமா ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடல. "தேவன் அவ அழுகையைக் கேட்டாரு. அவ மேல குத்தம் இல்லேன்னாரு"ன்னு சொல்லி, அதோட நிறுத்திட்டாரு. எட்டாவது ஆளுகிட்ட அவரு வரவேயில்ல.

பார்வதம்மா மூக்கைச் சிந்தினா. முந்தானையால மூஞ்சைத் தொடைச்சா. "அப்பால அந்தப் பொண்ணு இன்னா ஆனா?"ன்னு கேட்டா.

ஜெயகரன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி மார்த்தாள் சொன்னா: "பொழைச்சா அத்தே."

சொல்லிட்டுப் புள்ளையை மாமியார் கையில கொடுத்தா. குனிஞ்சு மொதல் பிடி மண்ணை அவளே எடுத்துப் போட்டா.